கேட்கிறவரைக் கேட்டார்களா?

(கருமத்தம்பட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1952இல் டெல்லியில் ஓர் அமைச்சர் எடுத்த முடிவால் நம் கொங்கு நாட்டு வீடுகளில் ரேடியோ முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. அங்கிருந்தே தொடங்குகிறேன். தீவு நாட்டு மக்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும் எப்படிக் கிடைத்தன, எப்போது கிடைக்காமல் போயின என்பதுதான் இன்றைய பேச்சு. கடலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டிய ஊரில் நின்றுகொண்டு தீவைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு சின்னத் தீவின் குரலைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்தக் கடனை நாம் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த அமைச்சர் பி.வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அவர் கையில் இருந்தது. சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். ஆகாசவாணியில் திரைப்பாடலுக்கான நேரத்தைச் சுருக்கினார். பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று சொல்வதுகூட விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தினார். படத் தயாரிப்பாளர்கள் கோபப்பட்டு, ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாட்டின் ஒரே வானொலியில் நாட்டு மக்கள் அதிகம் விரும்பிய பாட்டு இல்லாமல் போயிற்று. கேஸ்கர் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. கர்னாடக, இந்துஸ்தானி இசைவாணர்களுக்கு ஆகாசவாணி அந்தக் காலத்தில் கொடுத்த ஆதரவு பெரிய காரியம். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். என் குறை ஒன்றுதான். ரேடியோவுக்கு லைசென்சு கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே சமயம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வேறொன்று தயாராக இருந்தது. இலங்கையில் வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர் கொழும்பில் சோதனை ஒலிபரப்பு நடத்திவிட்டார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கழற்றி அந்த ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். ஆசியாவிலேயே மூத்த நிலையங்களில் ஒன்று அது. ஆனால் நம் வீடுவரை வந்த சத்தத்துக்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படைவீரர்கள் கேட்பதற்காக மவுண்ட்பேட்டனின் படைத் தலைமை இலங்கையில் ஒரு வானொலியை நடத்தியது. அதற்கென்று கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியை நிறுவினார்கள். போர் முடிந்தது, படை கிளம்பியது, அந்தப் பெரிய ஒலிபரப்பி சின்ன நாட்டின் கையில் தங்கிவிட்டது. 1950 செப்டம்பர் 30இல் அதை வைத்து வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள்.

சிற்றலை எப்படி இத்தனை தூரம் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பிமார் சிலர் கேட்டார்கள். அந்த அலை மேலே போய், வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அயனி அடுக்கில் பட்டு, மறுபடி நிலத்துக்கு வளைந்து இறங்குகிறது. நடுவில் கடல் இருந்தாலும் மலை இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மத்திய அலை வேறு வகை; பகலில் அது தரையை ஒட்டியே ஊர்ந்து வரும். வறண்ட நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும், உப்புத் தண்ணீர் மேல் வெகுதூரம் போகும். அதனால்தான் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் கொழும்பின் மத்திய அலை உள்ளூர் நிலையம்போல் கேட்டது. நம் பக்கத்தில் இரவு ஏற ஏறத்தான் தெளிவாக விழும். பண்பலை, அதாவது எஃப்.எம்., கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு மேல் கொஞ்சம்தான் போகும். இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் தீவுகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஆக, டெல்லி மூடிய கதவு கொழும்பில் திறந்திருந்தது. இந்தியில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ 1952 கடைசியில் தொடங்கி வடநாட்டையே கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் வந்தார். அவர் பேசினால் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’, நேயர் விருப்பம். இந்தியக் கம்பெனிகள் தங்கள் பற்பசைக்கும் சோப்புக்கும் விளம்பரப் பணத்தைக் கொழும்புக்கு அனுப்பின, ஆகாசவாணியில் அப்போது விளம்பரமே கிடையாது என்பதால். 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி ஒருவழியாகத் திருத்திக்கொண்டது. விளம்பரம் வர இன்னும் பத்து ஆண்டு ஆயிற்று. அதற்குள் பழக்கம் வேரோடிவிட்டது. கோவையில் ஆகாசவாணி நிலையம் வந்ததே 1966இல்தான். அதுவரை நமக்குத் திருச்சி ஒரு பக்கம், சிலோன் ஒரு பக்கம்.

இந்த ஊர்ப் பக்கம் அது எப்படிக் கேட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு அது தெரியாது. ரேடியோ வருவதற்கு முன் மின்சாரம் வர வேண்டும். 1930களில் பைகாரா மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோவை வட்டாரத்தில் மில்லும் கிணற்று மோட்டாரும் பெருகின. அதன் பின்னால்தான் ரேடியோ. சூலூர்ப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துகொடுக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார். யு.எம்.எஸ். என்ற பெயரில் கோவையிலேயே ரேடியோப் பெட்டி செய்தார்கள். வெளிநாட்டுப் பெட்டி வாங்க முடியாதவனும் கேட்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் பாருங்கள். கேட்கிறவனின் சட்டைப்பையை நினைத்துத் தொடங்கிய யோசனை அது. நம் மண்ணில் நடந்தது.

அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ. ஊர்ப் பொது இடத்தில் ஓர் அறை, உள்ளே பூட்டிய பெட்டி, வெளியே குழாய். பொழுதோட ஆள் வந்து திறந்துவிடுவார். பண்ணை நிகழ்ச்சி, செய்தி, அப்புறம் ஊர் அமைதி. அந்தப் பெட்டி சொன்னதைக் கேட்டுப் பயிர் வைத்தவர்கள் உண்டு. தஞ்சைப் பக்கம் ஏடிடி 27 என்ற நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆனால் பஞ்சாயத்துப் பெட்டியில் சிலோன் வைக்க மாட்டார்கள். சிலோன் வீட்டு ரேடியோவில்தான், இல்லாவிட்டால் டீக்கடையில். சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் அப்போது குழித்தறி. குழித்தறிக்கும் சத்தம் உண்டு. ஆனால் அது பாட்டை விழுங்காது. மிதியும் நாடாவும் ஒரு தாளத்தில் போகும், பக்கத்தில் பெண்கள் இராட்டையில் தார் சுற்றுவார்கள், விட்டத்தில் தொங்கும் டிரான்சிஸ்டர் பாடும். தறியை விட்டு எழுந்து போகாமல் உலகத்தைக் கேட்க முடிந்தது ஒரு தலைமுறைக்கு. விசைத்தறி வந்த பிறகு தறிக்குடோனுக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ரேடியோ வீட்டுக்கும் டீக்கடைக்கும் நகர்ந்துவிட்டது. கூலி உயர்ந்தது, உற்பத்தி பெருகியது, நல்லதுதான். ஆனால் வேலை செய்யும் கைக்குத் துணையாக இருந்த காது இந்த ஊரில் அத்தோடு ஓய்ந்துபோனது. அதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.

டிரான்சிஸ்டருக்குப் பேட்டரிக் கட்டை வேண்டும். கட்டை தேய்ந்தால் குரல் கம்மும். வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் இன்னும் இரண்டு நாள் ஓடும். பிறகு லைசென்சு. தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். வானொலி கேட்பதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நேயர் விருப்பத்துக்கு எழுதுகிறவர்கள் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். என்றைக்காவது ஒருநாள் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை அறிவிப்பாளர் வரிசையாக வாசிக்கும்போது நம் பக்கத்து ஊர் ஒன்று வந்துவிட்டால் போதும், அந்தத் தெருவே ஒரு வாரம் அதைப் பேசும். சொந்த நாட்டு வானொலி ஊர்ப்பெயர் சொல்லாத காலத்தில் அயல்நாட்டு வானொலி சொன்னது. அந்த அறிவிப்பாளர்களுக்கு நம்மைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள், யாருக்காக என்று கேட்டார்கள், பெயரைச் சரியாக உச்சரித்தார்கள்.

இனி அந்தத் தீவுக்குள்ளேயே போகலாம். நமக்குப் பாட்டுப் போட்ட நாட்டில், தமிழ் பேசுகிற மக்களுக்கே வானொலி இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு.

1990 ஜூனில் மறுபடி போர் வெடித்தபோது யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. பல பொருள்களை வடக்கே கொண்டுபோகத் தடை விதித்தார்கள். எரிபொருள், சிமெண்டு, மருந்துகள் சில, இவற்றோடு பேட்டரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. டார்ச் லைட்டில் போடுகிற சாதாரணக் கட்டைதான். போர்க்கருவிக்குப் பயன்படும் என்பது காரணம். ஒரு வட்டாரம் முழுவதும் இருட்டில். மேலே விமானம் பறக்கிறது, எங்கே குண்டு விழுந்தது, பாதை திறந்திருக்கிறதா, கப்பல் வருகிறதா, பேச்சுவார்த்தை நடக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். அரசாங்கத்துக்கு ஒரு வானொலி, புலிகளுக்கு ஒரு வானொலி. இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு குரல் வேண்டும் என்று மக்கள் தேடினார்கள். அந்த மூன்றாவது குரல் லண்டனிலிருந்து வந்தது. பிபிசி தமிழோசை, இரவு ஒன்பதேகாலுக்கு.

அதைக் கேட்க அவர்கள் செய்ததைக் கேளுங்க. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். பின்சக்கரத்தில் விளக்குக்கான டைனமோ உரசிக்கொண்டிருக்கும். அதிலிருந்து இரண்டு கம்பி ரேடியோவுக்கு. டைனமோ தருவது மாறுமின்சாரம், ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்சாரம். செத்துப்போன பழைய ரேடியோவிலிருந்து டயோடு ஒன்றையும் கப்பாசிட்டர் ஒன்றையும் கழற்றி நடுவில் பொருத்துவார்கள். வீட்டுப் பையன் ஒருவன் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவர் குரல் இழுத்துக்கொண்டே அடங்கும். “டேய், நல்லாச் சுத்து” என்று சுற்றி நிற்கும் பெரியவர்கள் அதட்டுவார்கள். வேகம் மீறினாலும் ஆபத்து, இருக்கிற ஒரே ரேடியோ புகைந்துவிடும். அரை மணி நேரம் கை மாற்றி மாற்றிச் சுற்றி, அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடி நின்று கேட்பார்கள். மறுநாள் வேலிக்கு வேலி அந்தச் செய்தி போகும்.

வானொலி என்பது பொழுதுபோக்கு என்று இன்னும் நினைப்பவர்கள் அந்தப் பையனின் கையை நினைத்துப் பார்க்க வேண்டும். சோறு, மருந்து, அதற்கு அடுத்தபடியாக அவர்கள் செய்திக்காகத்தான் உடம்பைச் செலவழித்தார்கள். பேட்டரியைத் தடைப்பட்டியலில் சேர்த்தவர்கள் அதன் போர்ப் பயனை மட்டும் பார்த்தார்கள். இலட்சக்கணக்கான வீடுகளில் காதைப் பொத்துகிறோம் என்று எண்ணினார்களா, தெரிந்தேதான் செய்தார்களா, இரண்டில் எதுவானாலும் அது அநியாயம். அப்படியே சொல்கிறேன், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தமிழோசைக்கும் இலங்கை வானொலிக்கும் ஓர் உறவு உண்டு. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம், இலங்கை வானொலியிலும் பணியாற்றியவர். ‘ஒலிபரப்புக் கலை’ என்று அந்தக் காலத்திலேயே தமிழில் நூல் எழுதியவர். அந்தத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. இணையத்துக்கு மாறிவிட்டோம் என்றார்கள். கைப்பேசியில் காணொளி பார்க்கிறவர்களுக்கு அது சரி. பெட்டியைத் திருகி மட்டுமே பழகிய முதியவர்களுக்கு அன்றிரவு ஒன்பதேகாலோடு ஓர் உறவு முடிந்தது. நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் போயிற்று. பிலிப்பைன்சும் ஒரு தீவு நாடு. மணிலாப் பக்கமிருந்து வேரித்தாஸ் வானொலி சிற்றலையில் தமிழ் பேசியது. இங்கே ஜெபமாலை அன்னை கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் அதைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். 2018 ஜூனோடு அந்தச் சிற்றலையும் ஓய்ந்தது.

சிற்றலையை மூடுவதன் விலை என்ன என்பதைப் பசிபிக் பெருங்கடலில்தான் பார்க்க முடியும். கிரிபாஸ் என்று ஒரு நாடு. நிலம் மொத்தம் 811 சதுர கிலோமீட்டர். நம் கோவை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தத் துண்டுகள் சிதறிக் கிடக்கும் கடற்பரப்பு ஏறக்குறைய 35 இலட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைவிடப் பெரிது. எஃப்.எம். கோபுரம் எத்தனை நட்டால் அது தீரும்? ஒவ்வொரு பவளத்திட்டுக்கும் ஒன்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கம்பியை மாற்ற ஆள். சிற்றலை ஒன்றுதான் அத்தனை திட்டையும் ஒரே வீச்சில் தொடும். வனுவாட்டு, சாலமன் தீவுகள், பப்புவா நியூகினி மக்கள் பல பத்தாண்டுகளாக ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலையை நம்பியிருந்தார்கள். புயல் கிளம்பினால் அதில்தான் கேட்பார்கள். 2017 ஜனவரி 31இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் அதை அணைத்துவிட்டது. பழைய தொழில்நுட்பம், கேட்பவர் குறைவு, மிச்சமாகும் பணத்தை டிஜிட்டலுக்குப் போடுகிறோம் என்றார்கள். சிட்னியில் உட்கார்ந்து பார்த்தால் கேட்பவர் குறைவுதான். அந்தக் குறைவானவர்களுக்கு வேறு வழி உண்டா என்று பார்த்த பிறகல்லவா அணைத்திருக்க வேண்டும்?

ஐந்தே ஆண்டில் பதில் வந்தது. 2022 ஜனவரி 15இல் டோங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தது. சத்தம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கேட்டது, அலை எழுந்தது, வெளியுலகோடு இணைக்கும் ஒரே கடலடிக் கம்பிவடம் அறுந்தது. இணையம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்கள் வீட்டார் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். கம்பிவடத்தைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. நியூசிலாந்து தன் பசிபிக் சிற்றலையை மூடாமல் வைத்திருந்ததன் அருமை அப்போது தெரிந்தது.

நமக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி. அந்தமான், நிக்கோபாரில் தொலைத்தொடர்பு சிதைந்து கிடந்தது. பல ஆண்டுகளாக அங்கே அமெச்சூர் வானொலிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில்தான் பாரதி பிரசாத் என்ற பெண்மணி அரும்பாடுபட்டு அனுமதி வாங்கி, சிறு குழுவோடு போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்திருந்தார். சுனாமி அடித்த அன்று அந்தச் சின்னக் கருவிதான் தீவிலிருந்து நாட்டுக்குச் செய்தி சொன்னது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல் அதன் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குப் போயிற்று. அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அதுவும் இல்லை.

தொலைக்காட்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. இரண்டு மூன்று செய்தி மட்டும். சிதறிய தீவுகளின் நாடான மாலத்தீவு 1978இலேயே தொலைக்காட்சி தொடங்கிவிட்டது, இலங்கைக்கு ஓராண்டு முன்னால். இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு வந்தது. நாட்டின் உச்சியான பிதுருதலாகலை மலைமேல் அதன் கோபுரம். அந்த உயரத்தால் தமிழ்நாட்டுத் தென்கரையிலும் படம் தெரிந்தது. நம் சொந்தத் தொலைக்காட்சி எட்டாத மீனவக் கிராமங்களில் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பிச் சிங்கள நாடகம் பார்த்திருக்கிறார்கள். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் நமக்கெல்லாம் சென்னைப் படம் தெரிந்தது. அட்லாண்டிக் நடுவிலுள்ள செயின்ட் ஹெலினாத் தீவுக்கு 1995இல்தான் தொலைக்காட்சி போயிற்று. குழந்தைகள் கெட்டுப்போவார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் முன்னும் பின்னும் கவனித்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. துவாலுவின் இணைய முகவரி எழுத்து ‘டிவி’ என்று அமைந்ததால் உலகத்துக் காணொளிக் கம்பெனிகள் அதற்குப் பணம் கட்டுகின்றன. பதினோராயிரம் பேர் வாழும் அந்த நாட்டுக்கு அது பெரிய வருமானம். ஆனால் புயல் வந்தால் அந்த மக்கள் திருகுவது தங்கள் ஒரே வானொலியைத்தான்.

சின்ன நாடு என்பதால் முடியாது என்று சொல்லிவிடவும் கூடாது. சிங்கப்பூரும் ஒரு தீவுதான். தமிழர்கள் அங்கே சிறுபான்மை. ஆனாலும் தமிழுக்கு ஒலி 96.8 நாள் முழுக்க உண்டு, 2008 முதல் வசந்தம் தனித் தொலைக்காட்சி ஒளிவழியாக உண்டு. சந்தைக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் வந்திருக்காது. சட்டத்தில் தமிழுக்கு இடம் கொடுத்த நாடு, காற்றிலும் கொடுத்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த எடுத்துக்காட்டு மறுபடி இலங்கையில்தான் இருக்கிறது. கொத்மலை. மகாவலித் திட்டத்தில் அணை கட்டியபோது இடம்பெயர்ந்த மக்கள் வாழும் மலைநாட்டுப் பகுதி. 1989இல் அங்கே சமுதாய வானொலி தொடங்கினார்கள். 1999இல், கிராமத்தில் கணினியே இல்லாத காலத்தில், யுனெஸ்கோ உதவியோடு நிலையத்தில் இணைய இணைப்பு வைத்தார்கள். ஊர்க்காரர் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி கேட்பார். மிளகுக் கொடியில் என்ன நோய், வெளிநாட்டுப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது, எதுவானாலும் சரி. அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பேச்சில் விளக்கி ஒலிபரப்புவார். ஒருவர் கேட்ட கேள்விக்கு மலை முழுக்கப் பதில் கேட்கும். மற்ற வானொலிகள் எதைச் சொல்லலாம் என்று தாங்களே முடிவு செய்தன; இது கேட்கிறவர் கேட்டதைச் சொன்னது.

இந்தியாவில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கு. அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்தின் தனியுடைமை அல்ல என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் வழியில்தான் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 முதல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் கிடைத்தது. பாம்பன் தீவில் 2016இல் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ 90.4 தொடங்கியது. காற்று எப்படி, அலை எப்படி, இன்று கடலுக்குப் போகலாமா என்று அவர்கள் பேச்சில் அவர்களுக்கே சொல்கிறது. இலங்கை வானொலியை ஒரு காலத்தில் தெளிவாகக் கேட்ட அதே கரை, இன்று தன் குரலில் பேசுகிறது.

கோவையில் பி.எஸ்.ஜி. கல்லூரியும் வேளாண் பல்கலைக்கழகமும் சமுதாய வானொலி நடத்துகின்றன. இந்தப் பக்கத்துக்கு, விசைத்தறிக்காரருக்கென்று, ஒன்றும் இல்லை. நூல் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. கூலி ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று தறி நிறுத்தம் வரும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் பத்து விதமாகச் சுற்றுகிறது. குடோன்களில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி, எந்த ரேஷன் கடை என்று அவர்கள் மொழியில் சொல்ல ஒரு குரலும் இல்லை.

விதிமுறை கடினமானதல்ல. பதிவு செய்து மூன்று ஆண்டு ஆன, இலாப நோக்கமற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அல்லது கல்லூரி, பள்ளி போன்ற கல்வி நிறுவனம். ஒலிபரப்புத் திறன் 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்கு மேல் கூடாது. சோமனூர், கணியூர், சூலூர் வரை தாராளமாக எட்டும். ஒரு தடை உண்டு: சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாம். அந்தத் தடை தவறு என்பது என் கருத்து. ஊர்ச் செய்தியை ஊர் வானொலி சொல்லக் கூடாது என்பதற்கு நியாயமே இல்லை. ஆனால் வானிலை, குடிநீர், மின்தடை, திருவிழா, பள்ளிச் சேர்க்கை, இவற்றுக்குத் தடையில்லை. அதிலேயே தொடங்கலாம். இங்கே நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, பேராலயத்தின் பள்ளிகள் இருக்கின்றன. யாராவது ஓர் அமைப்பு முன்வந்து விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு முன்னால் தெருத் தெருவாகப் போய், குடோன் குடோனாகப் போய், ஒடியாவிலும் இந்தியிலும்கூடக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்: எந்த நேரத்தில் கேட்பீர்கள், எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று. அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.